சர்வர் அறைத் தாழ்ப்பாள்

சர்வர் அறையில் ராப்பகலாக ஏசி ஓடும், உள்ளே போகும்போது ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேதான் இருப்பேன், ஐயா. யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. சளி பிடித்த பிறகு என் மேஜைக்கு வந்து நின்று மூக்கை உறிஞ்சுவார்கள்.

எனக்கு அடுத்தவர்மேல் அக்கறையே கிடையாது என்று என் மனைவி உங்களிடம் சொல்லியிருந்தால், அது கோபத்தில் சொன்னது. உள்ளே இருந்தது அவள் கூடப்பிறந்த தம்பி. கோபம் வரத்தான் செய்யும்.

எங்கள் கம்பெனியில் பல்செட் செய்கிறோம். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயை ஸ்கேன் எடுத்து அனுப்புவார்கள். மேல்தாடை ஒரு கோப்பு, கீழ்த்தாடை ஒரு கோப்பு. மெஷின் அதைப் பார்த்துப் பல்லைச் செதுக்கும். வேலை பெருகப் பெருகப் பழைய கம்ப்யூட்டருக்கு மூச்சு முட்டியது. கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என்னையும் என் மச்சினனையும் முதலாளியம்மா கூப்பிட்டார்.

"எல்லாரும் ஒரே எடத்துலேர்ந்து எடுக்கிற மாதிரி ஒண்ணு போட்டுக் குடுங்க. அது எப்பவும் நின்னு போகக் கூடாது."

மச்சினனுக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்ததே நான்தான். தங்கியிருந்ததும் எங்கள் வீட்டு மாடியறையில்தான். அதையெல்லாம் நான் சொல்லிக்காட்டுகிற ஆள் இல்லை.

இரண்டு சர்வர் வாங்கினோம். இரண்டுக்கும் பொதுவாக ஒரே டிஸ்க் பெட்டி. ஒரு சர்வர் படுத்துவிட்டால் மற்றது வேலையைத் தொடரும். ஒன்றை நான் பார்த்துக்கொண்டேன், இன்னொன்றை அவன். இதில் ஒரு சங்கதி உண்டு. அந்தப் பெட்டிக்குப் பல்லும் தெரியாது, கோப்பும் தெரியாது. எண் போட்ட கட்டங்கள் மட்டும்தான் தெரியும். எந்தச் சர்வர் வந்து எந்தக் கட்டத்தில் எதை எழுதச் சொன்னாலும் மறுபேச்சில்லாமல் எழுதிக்கொள்ளும். அதனால் இரண்டு சர்வர்களும் ஓயாமல் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருக்க வேண்டும். நான் இந்தக் கட்டத்தில் எழுதுகிறேன், நீ அந்தப் பக்கம் போ என்கிற மாதிரி. அதற்கென்று இரண்டுக்கும் நடுவே தனியாக ஒரு கேபிள்.

பேச்சு நின்றுபோனால் என்ன செய்வது? அதற்கும் விதி இருக்கிறது. மறுபக்கம் செத்துவிட்டதா, சும்மா இருக்கிறதா என்று ஊகிக்கக் கூடாது. முதலில் அதன் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். பிறகுதான் டிஸ்க்கைத் தொடலாம். படித்தபோதே எனக்கு மிகவும் பிடித்துப்போன விதி. குடும்பங்களில்கூட இவ்வளவு தெளிவு கிடையாது.

திறப்பு நாளன்று எல்லோரும் கூடியிருந்தார்கள். முதலாளியம்மா எங்கள் இருவரையும் பாராட்டினார். அப்போது மச்சினன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "மாமா அந்த நடுக் கேபிளைச் சரியாச் சொருகாம விட்டுட்டாரு. நல்லவேளை, நான் பாத்துட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். ரிசப்ஷனில் இருக்கும் பெண் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து அவனோடு பேசுவதை விட்டுவிட்டேன். கோபமெல்லாம் இல்லை. பேச ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். சாப்பிடும்போது ஏதாவது வேண்டுமென்றால் மனைவியிடம் சொல்வேன், அவள் அவனிடம் சொல்வாள். அவன் போன் செய்தால் எடுக்கமாட்டேன்.

அடுத்த வாரம் அவன் சொருகிய கேபிளைப் பிடுங்கி என் கையால் சொருகினேன். ஒருவர் வேலையை இன்னொருவர் சரிபார்ப்பது எங்கள் துறையில் வழக்கம். மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் வசதியை நாங்கள் அப்போது இயக்கியிருக்கவில்லை. அதைப் பற்றி இருவரும் உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது. பேசவில்லை.

அதற்குப் பிறகுதான் பற்கள் மாறத் தொடங்கின.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்கு மேல்தாடை அவருடையது, கீழ்த்தாடை ஒரு மல்யுத்த வீரருடையது. வாயை மூடினால் கீழ்வரிசை மூக்கை முட்டியது. சங்கீத டீச்சர் ஒருவர் 'ச' என்று தொடங்கினால் விசில் வந்தது. தெருநாய்கள் கூடிவிட்டன என்று புகார். கணவன் மனைவி இருவர், அவருடைய பல் இவருக்கும் இவருடைய பல் அவருக்குமாக மாட்டிக்கொண்டு வந்து, பரவாயில்லை, பழகிவிட்டது என்றார்கள். முதலாளியம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

எனக்குக் காரணம் புரிந்தது. ஒரே டிஸ்க்கில் இருவர் எழுதுகிறோம். இருவருக்கும் பேச்சு இல்லை. விதி என்ன சொல்கிறது என்பதை முன்பே சொல்லிவிட்டேன்.

வார விடுமுறைக்கு முந்தைய சாயங்காலம். ஆபீஸ் காலியாகிக்கொண்டிருந்தது. மச்சினன் ஸ்வெட்டரை நாற்காலியிலேயே விட்டுவிட்டுச் சர்வர் அறைக்குள் போனான். நான் கதவைச் சாத்தி வெளித்தாழ்ப்பாளைப் போட்டேன். பிறகு விதிப்படி, வெளியே இருக்கும் சுவிட்ச் பலகையில் அவனுடைய சர்வரின் மின்சாரத்தையும் துண்டித்தேன். அறை முழுக்கத் தகரம் அடித்திருப்பதால் உள்ளே போனுக்கு சிக்னல் கிடைக்காது. அவனுடைய ஸ்வெட்டரை மடித்து, தூசி படாத இடமாகப் பார்த்து வைத்தேன்.

வீட்டில் மனைவி கேட்டாள்: "தம்பி எங்க? வரலையா?"

"அவன் தொடர்புல இல்ல," என்றேன். பொய் சொல்லவில்லை.

"உங்க ரெண்டு பேருக்கும் இதே பொழப்பாப் போச்சு," என்று உள்ளே போய்விட்டாள். கோபித்துக்கொண்டு நண்பன் வீட்டுக்குப் போயிருப்பான் என்று நினைத்திருக்கிறாள்.

விடுமுறை நாட்களிலும் நான் ஆபீஸுக்குப் போனேன். நான் ஓய்வெடுத்துக்கொண்டிருந்ததாக யாரும் நினைக்கக் கூடாது. சர்வர் அறைக் கதவுக்கு எதிரிலேயே மேஜையைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு மேல்தாடைக்கும் அதற்குரிய கீழ்த்தாடையைத் தேடிப் பொருத்தினேன். இவ்வளவு நிம்மதியாக நான் வேலை செய்து வெகுநாளாகிறது.

வாட்ச்மேன் ஒருமுறை வந்து நின்றார். "சார், உள்ள ஏதோ தட்டுற சத்தம் கேக்குதே."

"டிஸ்க் சத்தம். வேலை செய்யும்போது அப்படித்தான் வரும்."

அவர் காதை வைத்துக் கேட்டார். "டிஸ்க் தண்ணி கேக்குது சார்."

"கேக்குற மாதிரி இருக்கும்," என்றேன். பெரிய இடத்து மெஷின் என்று தலையாட்டிவிட்டுப் போனார். அவரைக் குற்றம் சொல்லாதீர்கள். அவருக்குத் தொழில்நுட்பம் பழக்கமில்லை.

விடுமுறை முடிந்து முதலாளியம்மாதான் கதவைத் திறந்தார். மச்சினன் என்னுடைய சர்வரின் முதுகைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். அங்கேதான் சூடான காற்று வரும். அவனுடைய சர்வரும் ஓடியிருந்தால் இன்னும் கொஞ்சம் சூடு கிடைத்திருக்கும். அது எனக்கு அப்போது தோன்றவில்லை. ஏசியிலிருந்து சொட்டிய தண்ணீரைக் குடித்திருக்கிறான். உதடு நீலம் பாரித்திருந்தது. என்னைப் பார்த்ததும் ஏதோ சொன்னான். முதலாளியம்மா குனிந்து கேட்டார்.

"மாமா, கேபிள் உங்க பக்கம்தான் லூசா இருந்துச்சு. சொருகிட்டேன். இப்ப பல்லு சரியா வருதா?"

அதைச் சொருகத்தான் அன்றைக்கு உள்ளே போனானாம். போவதற்கு முன் எனக்குப் பலமுறை போன் செய்தானாம். முந்தின நாள் சாப்பாட்டு மேஜையிலேயே அக்காவிடம், "நடுக் கேபிள் ஆடுதுன்னு மாமாகிட்ட சொல்லு" என்றானாம். அவளும் சொன்னாளாம். சொல்லியிருக்கலாம். பேச்சுவார்த்தை இல்லாத காலத்தில் காதில் விழுவதையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியாது.

இப்போது அவன் ஆஸ்பத்திரியில் கஞ்சி குடிக்கிறான் என்று கேள்விப்பட்டேன். நல்லது. பல்செட்டுகளும் சரியாகப் பொருந்துகின்றன.

நீங்கள் திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள், ஐயா. எழுதிக்கொள்ளுங்கள். அவன் உள்ளே இருக்கிறான் என்று தெரிந்துதான் தாழ்ப்பாள் போட்டேன். தட்டியது எனக்குக் கேட்டது. முதலில் உள்ளங்கையால் அடித்தான், அப்புறம் விரலால் தட்டினான், கடைசியில் நகத்தால் சுரண்டினான். மாமா, மாமா என்று கூப்பிட்டதும் தெளிவாகக் கேட்டது. நானும் காதைத் தீட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் கேட்டான், அக்காவைக் கேட்டான், கதவைத் திறக்கச் சொன்னான். திறப்பு நாளன்று எல்லோர் முன்னாலும் என்னைச் சொல்லிச் சிரித்ததற்கு மட்டும் அவன் மன்னிப்பாக ஒரு வார்த்தை சொல்லவே இல்லை. அதனால் அவன் பேசினான் என்று நான் எப்படி எடுத்துக்கொள்ள முடியும்?