வாரத்துக்கு மூன்று மில்லிமீட்டர்

தோலின் மேல் பேனாவால் புள்ளி வைப்பது நினைப்பதைவிடக் கடினம், டாக்டர். எண்ணெய் பட்டிருந்தால் மை பிடிக்காது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கைக்குத் தலை பின்னிவிடும் முன்பே புள்ளியை வைத்துவிடுவேன்.

கண்ணாடிக் கதவு உடைந்து, முழங்கைக்குக் கீழே அவளுடைய நரம்பு அறுந்தபோது தைத்தவர் நீங்கள்தான். "நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும். அவங்களைக் கண்ணை மூடச் சொல்லிட்டு, மணிக்கட்டிலேருந்து மேல விரலால தட்டிட்டே வாங்க. எங்க தட்டும்போது சுண்டுவிரல் சுரீர்ங்குதோ, அதுவரைக்கும் நரம்பு வந்திருக்குன்னு அர்த்தம். புள்ளி வச்சு போட்டோ அனுப்புங்க. ரெண்டு மாசம் நகரலைன்னா உடனே கூட்டிட்டு வாங்க, திரும்பத் திறக்கணும். ஒன்றரை வருஷம் தாண்டினா தசை வத்திப்போயிடும். அப்புறம் நரம்பு வந்தும் பிரயோஜனமில்லை" என்றீர்கள். ஒரு சொல்லையும் நான் மறக்கவில்லை.

கடவுளை வேண்டிக்கொண்டுதான் தட்டுவேன். முதல் ஆறு வாரம் புள்ளி ஒழுங்காக நகர்ந்தது. "எறும்புகூட இதைவிட வேகமாப் போகும்க்கா" என்று சிரிப்பாள். ஏழாவது வாரம் நின்றது. எட்டாவது வாரமும் அதே இடம். அவள் முகம் வாடுவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. ஏழு மில்லிமீட்டர் தள்ளிப் புள்ளி வைத்தேன். சின்ன உதவிதான். அன்று அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

இரண்டு மாதம் நகராதபோது ஏன் கூட்டிவரவில்லை என்கிறீர்கள். அவள் செயற்கைப் பல் செய்கிறவள். தூரத்து நகரத்தில் வேலை கிடைத்திருந்தது. அந்தச் சமயத்தில்தான் அங்கிருந்து அழைத்து, "கை சரியானதும் வாங்க, உங்க இடம் அப்படியே இருக்கு" என்றார்கள்.

"சரியான மறுநாளே கிளம்பிடுவேன்க்கா. நீ தனியா இருந்துக்குவியா?"

"இருந்துக்குவேன்டி. நல்லபடியாப் போயிட்டு வா."

காத்திருப்பவர்கள் வீட்டை விட்டுப் போவதில்லை என்று அன்று தோன்றியது. ஏழு ஏழாகத் தள்ளினால் சீக்கிரம் விரலுக்கு வந்துவிடும். அதனால் மூன்று மூன்றாகத் தள்ளினேன். நீங்களும், "மெதுவா வருது, ஆனா வருது. பொறுமையா இருங்க" என்று பதில் அனுப்பினீர்கள். அவளுக்கு அதை வாசித்துக் காட்டினேன்.

ஒருமுறை அவள், "என்னக்கா, மேல தட்டின மாதிரி இருந்துச்சு, புள்ளி கீழ இருக்கு?" என்றாள்.

"அடி பைத்தியமே, அறுந்த நரம்பு அப்படித்தான் ஏமாத்தும்" என்றேன். நம்பினாள்.

ஒன்றரை வருடத்தை நாட்காட்டியில் எண்ணிக் குறித்துவைத்திருந்தேன். போன வியாழக்கிழமையோடு முடிந்தது. அதனால்தான் இன்று அழைத்துவந்தேன்.

நீங்கள் தட்டினீர்கள். பழைய இடத்தில்தான் சுரீர் என்றது. மணிக்கட்டில் இருந்த என் புள்ளியைப் பார்த்தீர்கள், பிறகு என்னைப் பார்த்தீர்கள். ஆமாம், தெரிந்தேதான் செய்தேன். அவளை வெளியே உட்காரச் சொன்னதற்கு நன்றி.

அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். கொஞ்சம் பதமாகச் சொல்லுங்கள், டாக்டர். அவள் மனம் நோகும்படி நான் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.