பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது

பூனை காணாமல் போனால், முதலில் அதன் பெயரைச் சொல்லிக் கத்தாமல் இருக்க வேண்டும். பெரும்பாலோர் இங்கேதான் தவறு செய்கிறார்கள், மேடம். தட்டைக் கரண்டியால் தட்டிக்கொண்டு, நாலு வீடு கேட்கக் கூப்பிடுவார்கள். பயந்த பூனை அதற்கு வராது. பத்தடி தூரத்தில், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் ஒடுங்கி, நாம் கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டே அசையாமல் இருக்கும். நாம் அமைதியானால்தான் அதற்குத் துணிவு வரும்.

நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள். ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள். பூனையிலிருந்து தொடங்கினால்தான் அது விளங்கும்.

நான் பூட்டு வேலை செய்கிறவன். சாவி தொலைத்தவர்கள் கூப்பிட்டால் போய்த் திறந்து கொடுப்பேன். பூட்டை உடைக்கிறவனுக்குக் கை இருந்தால் போதும். திறக்கிறவனுக்குக் காது வேண்டும். உள்ளே ஐந்து சின்ன ஊசிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றும் தன் உயரத்துக்கு ஏறும்போது மெல்லிய சொடுக்கு ஒன்று கேட்கும். அதுவரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் எல்லாம் கீழே விழுந்துவிடும்.

எங்கள் பூனை சாம்பல் நிறம், மார்பு மட்டும் வெள்ளை. 'மாமியார்' என்று அதற்குப் பெயர் வைத்தவள் என் மனைவி. அவள் என்ன செய்தாலும் அடுப்பு மேடையில் உட்கார்ந்து முறைக்குமாம். "மாமியாரே, உப்பு போதுமா?" என்று அதனிடம் கேட்டுவிட்டுச் சிரிப்பாள். நான் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றுவிடும். பூனையும் கட்டிலுக்கு அடியில் போய்விடும். இரண்டு பேருக்குமே கூச்ச சுபாவம்.

பூனை ஓடிவிடக் கூடாதே என்று, வேலைக்குப் போகும்போது வீட்டை வெளியே பூட்டிக்கொண்டு போவேன். என் மனைவி உள்ளே இருப்பாள். இதை என் மச்சான், அவள் கூடப்பிறந்தவன், உங்களிடம் பெரிதுபடுத்தியிருப்பான். பூனை வளர்க்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், கதவு விஷயத்தில் அசட்டையாக இருக்கக் கூடாது என்பார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை வந்து பார்த்தேன். பூட்டு பூட்டியபடியே இருந்தது. பூனை இல்லை.

வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பூனை தொலைதூரம் போகாது. பெரும்பாலும் மூன்று வீட்டுக்குள் எங்காவது இருக்கும். தரையோடு தரையாகப் படுத்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்; உடம்பு தெரியாவிட்டாலும் கண் பச்சையாக மின்னும். அது வெளிக்குப் போகும் மண் தட்டை வாசலில் வைத்தால், வாசனை பிடித்துத் திரும்பி வரும். மாவைத் தூவி வைத்தால் கால் தடம் விழும். எல்லாம் செய்தேன். மச்சான் வீட்டு வாசலிலும் தூவிப் பார்த்தேன். அவன் செருப்புத் தடம் மட்டும்தான் விழுந்திருந்தது.

பூனையின் கூடையும் மாத்திரை டப்பாவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். என் மனைவியும் இல்லை. கூடையில் எடுத்துச் செல்லப்பட்ட பூனைக்கு மூன்று வீட்டுக் கணக்கு பொருந்தாது.

பூட்டை அவள்தான் திறந்திருந்தாள், கதவின் உள்பக்கத்துச் சாவித் துவாரத்தில் வளைத்த கம்பியை விட்டு. கல்யாணமான புதிதில் சாப்பிடும்போதெல்லாம் அந்த ஊசிகளைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பேன். 'உம்' கொட்டிக்கொண்டே இருப்பாள். கவனிக்கவில்லை என்று நினைத்திருந்தேன். வெளியே வந்து மறுபடி பூட்டிவிட்டும் போயிருக்கிறாள், ஒரு கீறல் இல்லாமல். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மச்சானிடம் நேரிலேயே போனேன். வாசலை மறித்துக்கொண்டு நின்றான்.

"அவ எங்கன்னு தெரிஞ்சாலும் உங்ககிட்ட சொல்ல மாட்டேன், மச்சான். கிளம்புங்க."

"அவளை விடுப்பா. பூனைக்குக் கிட்னி சரியில்ல, தினம் மாத்திரை போடணும். வாயில்லா ஜீவன், அதான் மனசு கேக்கல."

"அதெல்லாம் அவ வேளாவேளைக்குப் போட்டுட்டுதான்…"

நாக்கைக் கடித்துக்கொண்டான். முதல் சொடுக்கு.

அந்த மாத்திரை இந்த ஊரில் இரண்டு கடைகளில்தான் கிடைக்கும். ஒன்று எங்கள் தெருமுனையில் இருக்கிறது. அங்கே அவள் வர மாட்டாள். இன்னொன்று ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். அந்தக் கடையைச் சுற்றியுள்ள தெருக்களில் மட்டும் அறிவிப்பு ஒட்டினேன்.

அறிவிப்பில் படம் பெரிதாகவும் எழுத்து குறைவாகவும் இருக்க வேண்டும். பூனையின் பெயரைப் போடக் கூடாது; கண்டவர்களும் கூப்பிட்டு அதைப் பயமுறுத்துவார்கள். ஓர் அடையாளத்தை மட்டும் சொல்லாமல் வைத்துக்கொள்ள வேண்டும். போன் செய்கிறவர் பார்த்தது நம் பூனையைத்தானா என்று சோதிக்க அது உதவும். நான் வாலைப் பற்றி எழுதவில்லை. 'குழந்தை சாப்பிடாமல் அழுகிறது' என்று ஒரு வரி சேர்த்தேன். எங்களுக்குக் குழந்தை இல்லை.

மனைவியைக் காணவில்லை என்று ஒட்டியிருந்தால் அந்தத் தெருவே ஊமையாகியிருக்கும். ஒரு பெண்ணை ஒளித்து வைக்கப் பத்துப் பேர் முன்வருவார்கள். பூனையை ஒளித்து வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது.

ஒட்டிய நான்காம் நாள் மதியம் ஒரு தையல்காரம்மா போனில் கூப்பிட்டார்.

"அண்ணே, போஸ்டர் பாத்தேன். எங்க மாடியில குடியிருக்கிற பொண்ணுகிட்ட அச்சு அசலா இதே மாதிரி ஒண்ணு இருக்கு. தெருவுல கெடந்துச்சுன்னு எடுத்துட்டு வந்திருக்கும் போல. பேரு வேற வச்சிருக்கு பாருங்க, மாமியாராம்!" சிரித்தார். "என் மாமியார நான் ஒரு நாளும் அவ்வளவு பாசமா கூப்பிட்டதில்ல."

"வால் எப்படி இருக்கும்மா?"

"நுனி மடங்கிக் கெடக்கு. எந்தப் பாவி பண்ண வேலையோ."

அது கதவு செய்த வேலை. மழைக்காலத்தில் மரம் ஊதும், கீல் இறுகும், கொஞ்சம் பலமாகத்தான் சாத்த வேண்டியிருக்கும். என் மனைவியின் சுண்டுவிரலும் அதே கோணத்தில் மடங்கியிருக்கும். ஒரே கதவு, ஒரே நாள்.

"குழந்தைக்கு என்ன வயசுண்ணே?"

"ஆறு."

"அழ வேணாம்னு சொல்லுங்க. அந்தப் பொண்ணு அஞ்சு மணிக்கு வேலை முடிஞ்சு வந்துடும். வாங்க, நானே பதமா பேசி வாங்கித் தர்றேன்."

தையல்காரம்மாவைக் குற்றம் சொல்லாதீர்கள். தன்னைப் பற்றி யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று என் மனைவி அவரிடம் கேட்டிருந்தாளாம். அவரும் அவள் பெயரைச் சொல்லவில்லை, வேலை செய்யும் இடத்தைச் சொல்லவில்லை. பூனையைப் பற்றித்தான் சொன்னார்.

நான் நாலு மணிக்கே போய்விட்டேன். மாடிப்படி வீட்டுக்குப் பக்கவாட்டில் இருந்தது. கீழே தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. கதவில் பதித்த மட்டமான பூட்டு, ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கதவின் உள்பக்கம் இரண்டு தாழ்ப்பாள்கள் புதிதாகப் போட்டிருந்தாள். ஆள் உள்ளே இருந்தால்தான் தாழ்ப்பாளுக்கு வேலை. இதையும் நான் ஒரு காலத்தில் அவளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

கதவை மறுபடி பூட்டிக்கொண்டு, அதன் பின்னால் தரையில் உட்கார்ந்தேன். பூனை கட்டிலுக்கு அடியில் இருந்தது. இரண்டு பச்சைக் கண்கள். நான் கூப்பிடவில்லை, அசையவுமில்லை. ஒரு மணி நேரம் அப்படியே இருந்தேன். அவ்வளவு பொறுமை எத்தனை பேருக்கு வரும்?

சாவி திரும்பியது. "மாமியாரே, வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தாள். பூனை தலையை நீட்டியது, முன்னங்கால்களை வைத்தது, பாதி உடம்பு வெளியே வந்துவிட்டது. நான் எழுந்து கதவைச் சாத்தினேன். அவள் திரும்பி என்னைப் பார்த்துக் கத்தினாள். பூனை உள்ளே போய்விட்டது.

அது எனக்குப் பொறுக்கவில்லை. சத்தம் போடாதே, பூனை பயப்படுகிறது என்று மெதுவாகத்தான் சொன்னேன். கேட்கவில்லை. வாயைப் பொத்தினேன். என் கை பெரிய கை, மூக்கையும் சேர்த்து மூடியிருக்கும். நான் அவளைப் பார்க்கவில்லை. கட்டிலுக்கு அடியில்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அமைதியானால் வரும் என்று எனக்குத் தெரியும். கீழே இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது.

அறை அமைதியாயிற்று. கையை உடனே எடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் அமைதி வேண்டியிருந்தது.

பூனை வந்தது. நான் சொன்னது சரியாகத்தான் இருந்தது. ஆனால் என்னிடம் வரவில்லை. அவளுடைய மடங்கிய சுண்டுவிரலை முகர்ந்துவிட்டு, அதன் அருகில் உட்கார்ந்துகொண்டது.

அப்போதுதான் தையல்காரம்மா மேலே வந்து கதவைத் திறந்தார். கையில் ஒரு சின்னப் பூனைப் பொம்மை வைத்திருந்தார். அழுகிற குழந்தைக்குக் கொடுக்க, வெட்டுத் துணியில் தைத்தது. அவ்வளவு நேரமும் அதைத்தான் தைத்துக்கொண்டிருந்தாராம். அவர் போட்ட கூச்சலில் பூனை அவர் காலுக்கு இடையில் புகுந்து, படியிறங்கி ஓடிவிட்டது.

என் மனைவியைக் கொன்றது நான்தான், அதில் மறைக்க ஒன்றுமில்லை. கையெழுத்துப் போடுகிறேன். பூனைதான் இன்னும் கிடைக்கவில்லை. இன்றோடு இரண்டு நாள் மாத்திரை இல்லை. தேடப் போகிறவர்களிடம் சொல்லுங்கள்: மூன்று வீட்டுக்குள் பார்க்க வேண்டும், தரையோடு டார்ச் அடிக்க வேண்டும், பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது.

நானும் கூட வருகிறேன் என்று கேட்க மாட்டேன். எட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தும், என் குரல் கேட்டு அது ஒரு நாளும் வெளியே வந்ததில்லை. பூனைகளே அப்படித்தான், மேடம்.