டி டிரைவில் இருந்த வீடியோக்கள்

"அண்ணி அழுதுட்டே டீ போட்டுக் கொடுத்தாங்க. நானும் வாங்கிக் குடிச்சேன்டா."

அன்றும் வேலை கிடைக்காமல் ஓசூரிலிருந்து உத்தனப்பள்ளி பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். முன்சீட்டில் கம்பெனிச் சட்டை போட்ட இருவர். சொன்னவன் ஜன்னலோரம் இருந்தான்.

"எதுக்கு அழுதாங்க?" என்றான் மற்றவன்.

"அவங்க லேப்டாப்புல விண்டோஸ் போட்டேன். இந்த டிஸ்குல போட முடியாதுன்னு வந்துச்சு. டிஸ்குல பிரிச்சு வெச்சிருந்த எல்லா பார்ட்டிஷனையும் டெலீட் பண்ணி, ஒண்ணாக்கிப் போட்டுட்டேன்."

"டி டிரைவையுமா?"

"கம்பெனியில புரொடக்‌ஷன் லைன் கம்ப்யூட்டருக்கு அப்படித்தானடா பண்றோம்?"

"அங்க எல்லாத்துக்கும் சர்வர்ல ஒரு காப்பி இருக்கு. உங்க அண்ணி வீட்டுல எந்த சர்வர்டா இருக்கு, அறிவாளி?" மற்றவன் சிரித்தான்.

"பாப்பா பொறந்ததுலருந்து எடுத்த வீடியோ எல்லாம் அதுலதான் இருந்துச்சு. டிஸ்க் பழசு, தானா போயிருச்சுன்னு சொல்லிட்டேன். தான்தான் ஒழுங்கா வெச்சுக்கலைன்னு நினைச்சு அவங்க அழறாங்க."

மற்றவனின் சிரிப்பு நின்றது.

"இப்பவே போன் பண்ணு. அந்த லேப்டாப்புல புதுசா எதையும் ஏத்தாம இருந்தாதான், அழிஞ்சதை ரெக்கவரி பண்றவங்க பாதியாவது எடுத்துக் கொடுப்பாங்க."

"என்னன்னு சொல்றது?"

"பண்ணதைச் சொல்லு."

அவன் முன்கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு பேசினான்.

"அண்ணி, லேப்டாப்ல என்ன பண்றீங்க? போன்ல இருக்கிற பாப்பா வீடியோவையா? ஏத்தாதீங்க, நிறுத்துங்க. டிஸ்க் நல்லாத்தான் இருக்கு அண்ணி. நான்தான் அழிச்சேன்."

 அண்ணி பேசி முடிக்கும்வரை அவன் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.