பத்து அங்குலச் சட்டம்

பழைய வீட்டை நீட்டிக் கட்டும்போது யாரும் நினைத்துப் பார்க்காத தொல்லை ஒன்று உண்டு, ஐயா. மாடித் தரையைத் தாங்கும் மரச்சட்டங்கள் அந்தக் காலத்தில் பத்து அங்குல ஆழம். இப்போது கடையில் கிடைப்பது எட்டு. மேலே தரையைச் சமமாக்கினால், கீழே உட்கூரைப் பலகை இரண்டு அங்குலம் ஏறி இறங்கும். புதுச் சட்டங்களின் அடியில் மரத்துண்டுச் சக்கை அடித்து நிரவிவிட்டால் தீர்ந்தது.

அக்கா வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒட்டுப்போட்ட வேலை என் வீட்ல வேணாம், மச்சான். பழசும் புதுசும் ஒரே ஆழமா இருக்கணும்."

அத்தான் நல்ல மனிதர்தான். என் கல்யாணத்தை முன்னின்று நடத்தியவர். என்ன, பதினெட்டு வருஷம் முன்பு நான் செய்துகொடுத்த சாப்பாட்டு மேசையில், விருந்தாளி வரும்போதெல்லாம் கோலிகுண்டு ஒன்றை வைப்பார். அது உருளும். எல்லாரும் சிரிப்பார்கள். எனக்குக் 'கோணலார்' என்று மரியாதையாகப் பேர் வைத்தவரும் அவரே. நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். உள்ளே பற்றி எரியும்.

ஆகவே அவர் சொன்னபடியே செய்தேன். பழைய சட்டங்களின் அடியைச் செதுக்கி எட்டு அங்குலமாக்கினேன். மாடியில் அவர் சாய்வு நாற்காலி போடும் இடத்தில் மட்டும் கை கொஞ்சம் தாராளமாகப் போய்விட்டது. அங்கே மூன்று சட்டங்களில் இரண்டு அங்குலம்தான் மிச்சம் வைத்தேன். மேலே பலகை, கீழே பலகை. யார் பார்க்கப்போகிறார்கள்?

அவர் குடிவந்த ஐந்தாம் நாள் போயிருந்தேன். நாற்காலியில் இருந்தபடியே குனிந்து தரையைத் தடவினார். "நூல் பிடிச்ச மாதிரி இருக்கு, மச்சான். இனிமே உன்னக் கோணலார்னு சொன்னா என் வாய் அழுகிடும்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதோடு விட்டாரா? அக்காவைக் கூப்பிட்டார். "இங்க வா, உன் தம்பி வேலைய உக்காந்து பாரு." தானே எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். அவர் அதை யாருக்கும் கொடுத்து நான் பார்த்ததில்லை.

எழுந்தபோதே பலகைக்கடியில் மெல்லிய முனகல் கேட்டது. தச்சன் காதுக்குத் தெரியாதா? "உக்காராதக்கா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்பார், தரையைப் பெயர்ப்பார், அப்போதுதான் கிடைத்த பேர் அப்போதே போய்விடும். அக்கா என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள்.

பலகையோடு அக்கா விழுந்த கீழ்த்தளத்துக் கல்தரைக்கு நான்தான் முதலில் ஓடினேன். அவளுக்கு மூச்சில்லை.

அத்தானைக் கொல்லத்தான் செதுக்கினேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அக்காவுக்கு நான் ஒரு நாளும் கெடுதல் நினைத்தவனில்லை. அதையும் எழுதுங்கள்.