தவளை வண்டியின் பிஸ்டன்

டூ-ஸ்ட்ரோக் வண்டியோடு மல்லுக்கட்டுகிறவனை அவன் சாப்பிட உட்காரும்போதே கண்டுபிடித்துவிடலாம். கையை சோப்பு போட்டுக் கழுவிவிட்டு வந்து, பெட்ரோல் வாடை போய்விட்டதா என்று ஒருமுறை மோந்து பார்ப்பான். நானும் அந்த ரகம்தான். இத்தனைக்கும் வண்டி என்னுடையது இல்லை, தங்கை புருஷனுடையது.

நீங்கள்கூட வந்து படம் எடுத்துக்கொண்டு போனீர்களே, என் ஷெட்டில் அக்கக்காகக் கிடக்கிறது, அதுதான். நாலு தடித்த டயர், நடுவில் நீளமாக ஒரு சீட். கல், சேறு எதிலும் போகும். அரதப் பழசு. கிளம்பும்போது ஒரு குதி குதித்துவிட்டுக் கத்தும் என்பதால் தங்கை அதற்குத் தவளை என்று பேர் வைத்தாள். எங்கள் வீடுகளிலிருந்து தார் ரோட்டுக்குப் போக அது ஒன்றுதான் வாகனம். வழியில் ஒரு மேடு உண்டு. அதை ஏறிவிட்டால் அப்புறம் இறக்கம்தான்.

நான் மர வாடியில் கணக்கு எழுதுகிறவன். கல்யாணம் ஆகவில்லை. யாரும் பெண் தரவில்லை என்பதை, எனக்கு இஷ்டமில்லை என்று சொல்லிக்கொண்டு காலத்தை ஓட்டிவிட்டேன். புத்தகம் படிப்பேன், பேச வராது. மாப்பிள்ளைக்கும் பேச வராது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தவளையைத் தள்ளிக்கொண்டு ஷெட்டுக்கு வருவார். நான் கார்புரேட்டரைக் கழற்றுவேன், அவர் ஸ்பார்க் பிளக்கைத் தேய்ப்பார். ஸ்பேனரை எடுங்கள் என்பதைத் தவிர மத்தியானம் வரைக்கும் ஒரு பேச்சும் இருக்காது. இன்னொரு மனிதனோடு பேசாமல் உட்கார்ந்திருக்க முடிவது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குச் சொன்னால் புரியுமோ என்னவோ. ஆட்களைப் பேச வைப்பது உங்கள் தொழில்.

தங்கை டீ கொண்டுவந்து வைத்துவிட்டு எங்களைப் பார்த்தபடி நிற்பாள்.

"எனக்குப் பதிலா இந்தத் தவளையையே அவருக்குக் கட்டி வெச்சிருக்கலாம்ணே."

"உன்னவிட அது கம்மியாத்தான் கத்தும்," என்பார் மாப்பிள்ளை. அவருக்குத் தெரிந்த ஒரே ஜோக். அவள் ஒவ்வொரு தடவையும் சிரித்து, அந்தச் சிரிப்பிலேயே மூச்சிரைத்து, சுவரைப் பிடித்துக்கொள்வாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அந்தத் தொந்தரவு.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. ஒழுங்காகப் பழுது பார்த்த வண்டி அடுத்த ஞாயிறு வராது. அதனால் கார்புரேட்டரை மூடும்போது நகக்கண்ணளவு தூசியை உள்ளே விட்டுவைக்க ஆரம்பித்தேன். சில சமயம் ஒரு நட்டைக் கொஞ்சம் தளர்த்துவேன். பிரேக்கைத் தொட்டதே கிடையாது. எனக்கென்று கொள்கை இருந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மச்சான் கை பட்டால்தான் இது கேட்கிறது என்று மாப்பிள்ளை சொல்லும்போது நான் அடக்கமாகச் சிரிப்பேன். அந்தச் சிரிப்பைக் கண்ணாடியில் போட்டுப் பார்த்திருக்கிறேன். சகிக்காது.

வருஷக்கணக்கில் இப்படியே போனது. பிறகு தங்கையின் மூச்சுக்காக டவுனுக்கே குடிபோவது என்று அவர்கள் முடிவு செய்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வீடு பார்த்தாயிற்று. தவளையை வாங்க ஒருவர் வந்து ஓட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு.

அந்த இன்ஜினுக்குத் தனியாக ஆயில் விடுகிற இடம் கிடையாது. பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். பிஸ்டனை வழவழப்பாக வைத்திருப்பது அதுதான். கலக்காவிட்டாலும் வண்டி கிளம்பும், புகைகூட இல்லாமல் அழகாக ஓடும். மேடு ஏறிச் சூடானதும் பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். அப்புறம் எத்தனை உதைத்தாலும் அசையாது. வாங்க வருகிறவர் கையில் அப்படி நின்றால் வியாபாரம் முறியும். சிலிண்டரைக் கடைந்து, புதுப் பிஸ்டன் தேடிப் போட ஒரு மழைக்காலமே ஆகும். அரைகுறையாகக் கிடக்கிற வண்டியை விட்டுவிட்டுக் கிளம்புகிற ஆள் இல்லை மாப்பிள்ளை. விற்பதற்காகத் துடைத்து என் ஷெட்டில் நிறுத்தியிருந்த வண்டியின் டேங்கைக் காலி செய்து, அதே அளவுக்கு வெறும் பெட்ரோலை ஊற்றி வைத்தேன்.

வாங்குகிறவர் வருவதற்கு முந்தின நாள் மத்தியானம் தங்கைக்கு மூச்சு திணறியது. உறிஞ்சுகிற மருந்து கேட்கவில்லை. மாப்பிள்ளை அவளைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்கு ஓடி வந்தார். நான் அங்கேதான் இருந்தேன். அவளைப் பின்னால் உட்காரவைத்து, சரிந்துவிடாமல் என் துண்டால் அவரோடு சேர்த்துக் கட்டினேன். முதல் உதையிலேயே வண்டி கிளம்பியது.

அந்த இடத்தில் நான் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். ஆயில் டப்பா என் காலடியில்தான் இருந்தது. ஊற்றி வண்டியை நாலு குலுக்குக் குலுக்கினால் போதும். ஆனால் டேங்கை யார் மாற்றினார்கள் என்று அவர் கேட்பார். கேட்டபிறகு அந்த ஷெட்டில் கால் வைக்க மாட்டார். மேட்டைத் தாண்டுகிற வரைக்கும் தாங்கிவிடும், அப்புறம் இறக்கம்தானே என்று நினைத்தேன். நினைத்தேனா, நினைத்ததாக இப்போது சொல்லிக்கொள்கிறேனா, அதுவும் தெரியவில்லை. தங்கை போய்விட்டு வருகிறேன் என்பதுபோல என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

"பாத்துப் போங்க மாப்பிள்ளை," என்றேன். அக்கறையாகத்தான் சொன்னேன்.

மேட்டின் பாதியில் வண்டி நின்றுவிட்டது. அவர் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறார். தார் ரோட்டில் இறக்கியபோது அவளுக்கு உயிர் இல்லை.

எல்லாம் முடிந்தபிறகு ஒரு நாள் ஷெட்டில் அவர் டேங்கைத் திறந்து மோந்து பார்த்தார். ரொம்ப நேரம் மூடியைக் கையிலேயே வைத்திருந்தார்.

"மச்சான், நான் ஆயில் கலக்க மறந்திருக்கேன். நான்தான் அவளக் கொன்னுட்டேன்."

"மறக்கறது மனுஷ சுபாவம் மாப்பிள்ளை. நான் உங்கள ஒரு வார்த்தை கேட்டனா?"

கூடப்பிறந்தவளைப் பறிகொடுத்தும் மாப்பிள்ளையை ஒரு சொல் சொல்லவில்லையே என்று அக்கம்பக்கத்தில் என்னைப் பெரிய மனசுக்காரன் என்கிறார்கள். நானும் மறுக்கவில்லை.

இப்போது அவர் ஞாயிறு என்றில்லை, தினமும் வருகிறார். டவுன் பேச்சை எடுப்பதில்லை. நேற்று உங்களிடம் வந்து, பெண்டாட்டி சாவுக்குத் தன் கவனக்குறைவுதான் காரணம், தன்னை உள்ளே போடுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டாராம். அதைக் கேட்டதும்தான் பதறிப்போய் வந்தேன். செய்யாத குற்றத்துக்கு ஒரு நல்ல மனிதர் ஜெயிலுக்குப் போவதை நான் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது? நியாயம் என்று ஒன்று இருக்கிறது. எழுதிக்கொள்ளுங்கள். டேங்கை மாற்றியது நான். தெரிந்தே அவளை அந்த வண்டியில் ஏற்றி அனுப்பியதும் நான்.

ஒரே ஓர் உதவி. சிலிண்டர் கடைசல் பட்டறையிலிருந்து வந்துவிட்டது. இந்த ஞாயிறு புதுப் பிஸ்டனைப் போடுவதாக இருக்கிறோம். ஒருவர் பிஸ்டனைச் சுற்றியிருக்கிற ரிங்கை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் சிலிண்டரை மெல்ல இறக்க வேண்டும். கை நடுங்கினால் ரிங் உடைந்துவிடும். அதுவரைக்கும் அவரிடம் இதைச் சொல்லாமல் இருங்கள். பாவம், தாங்க மாட்டார்.