மாமனாரின் தூண்டில் கழி

1968 ஜூலை 14, ஞாயிறு, காலை 6.10, தூறல். திருவள்ளூர் பாசஞ்சரில் எனக்கு எதிரே பூண்டிக்கு மீன் பிடிக்கப் போகும் இரண்டு நண்பர்கள். ஒருவர் கையில் ஒல்லியான மூங்கில் தூண்டில் கழி. மற்றவர் அவரைக் கேட்டார்:

"இன்னா நைனா, இம்மாம் தடியா தூண்டி நரம்பு வாங்கிக்கினு வந்துகிற? எருமையா புடிக்கப் போற?"

"பெரிய மீனு மாட்டுனா அறுந்துடக் கூடாதுல்ல?"

"நரம்பு அறுவாது. கழிதான் ஒடியும். கழி யாருது?"

"மாமனாருது. கேக்காம எடுத்தாந்தேன்."

"ஒல்லி நரம்பு அறுந்தா மீனு போவும். கழி ஒடிஞ்சா?"

"பொண்டாட்டி அவ அப்பன் ஊட்டுக்குப் பூடுவா."

"அப்ப இந்தா, என் ஒல்லி நரம்பக் கட்டு."

கழிக்காரர் சிரித்துக்கொண்டே கடைசி முடிச்சைப் போடும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். நான் இறங்க வேண்டிய செவ்வாப்பேட்டை அதற்குள் போய்விட்டது. திருவள்ளூரில் அபராதமும் திரும்பி வரும் டிக்கெட்டுமாக எனக்கு ஒரு ரூபாய் நாற்பது பைசா செலவு.