மூணாங்கிளாஸ் தேறிய எருமை

பெட்ரோல் கிடைக்காத யுத்த காலம். திருவேங்கடம் ஊருக்குப் போகும், கரிப்புகையில் ஓடும் பஸ்ஸுக்கு சங்கரன்கோவிலில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு முன்சீட்டில் இருந்த தலைப்பாக்காரர் பக்கத்திலிருந்த பெரியவரிடம் சொன்னார்:

"எங்க எருமை மூணாங்கிளாஸ் பாஸாயிட்டு, அண்ணாச்சி."

"எருமையா?"

"சம்பளமில்லாத பள்ளிக்கூடம்னுதான் எம் பயலச் சேத்தேன். வாத்தியார் வீட்டுக்குத் தினம் ஒரு செம்பு பால் போவுது. ஒருநாள் தவறினா, பயலுக்கு முட்டிக்கால்தான்."

"பய படிக்கானா?"

"எங்க! பால் கொண்டுபோற எம் மவ, வாத்தியார் பிள்ளைங்க படிக்கத வாசல்ல நின்னு கேட்டே பதினாறாம் வாய்ப்பாடு ஒப்பிக்கா. இவன் ரெண்டாம் வாய்ப்பாட்டுலயே படுத்துக் கெடக்கான்."

"அப்ப அவளச் சேத்துவிட வேண்டியதுதானே வே?"

தலைப்பாக்காரர் பெரியவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நல்லா கேட்டீரு! அவ படிக்கப் போயிட்டா, எருமைய யாரு மேய்ப்பா?"